பென் டிரைவ் நானா

கந்தளாயில் ஒரு வீட்டில் கணினி இருக்கிறது என்று தெரிந்தால் போதும், பென் டிரைவ் நானா ஒருநாள் அங்கே வந்தே தீருவார். பேராற்றில் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தவராக இருக்கலாம். வயல் பார்த்துவிட்டுக் குளக்கட்டு வழியாகத் திரும்புகிறவராகவும் இருக்கலாம். கதிரையை இழுத்துப் போட்டாலும் உட்காரமாட்டார். கண் நேரே திரையின் வலது கீழ் மூலைக்குப் போகும். விண்டோஸை அக்டிவேட் பண்ணச் சொல்லும் சாம்பல் நிற எழுத்து அங்கே மங்கலாகத் தெரிந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும்.

“கடையில போட்டுத் தந்ததோ?”

“ஓம் நானா.”

“போடக்குள்ள என்டிவைரஸ நிப்பாட்டச் சொல்லியிருப்பானே?”

“நிப்பாட்டினாத்தான் ஏறும் எண்டான்.”

“நல்ல கத. நாயக் கட்டிப்போட்டுட்டுக் கள்ளனுக்குக் கதவத் திறந்து விட்டிருக்கீங்க.”

அடுத்த வசனம் சட்டம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது என்பதை, பிளேன்டி வருவதற்குள் அந்த வீட்டிலுள்ள எல்லோரும் தெரிந்துகொள்வார்கள், ஓ.எல். படிக்கும் பிள்ளையிலிருந்து திண்ணையில் படுத்திருக்கும் உம்மம்மா வரைக்கும்.

இப்படிப்பட்டவர் ஊருக்கு ஒருவர் உண்டு. பகலில் ஐ.சி.டி. ஆசிரியராகவோ பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ உதவியாளராகவோ இருப்பார். மோட்டார் சைக்கிள் சாவிக் கொத்தில் மூடி தொலைந்த ஒரு 32 ஜிபி பென் டிரைவ் தொங்கும். அதற்குள் மூன்று ஃபோல்டர்கள்: ‘கட்டாயம்’, ‘நல்லது’, ‘பிறகு பார்ப்பம்’. வீட்டு உபயோகத்துக்கு மட்டும் இலவசமான இர்ஃபான்வியூ போன்றவை மூன்றாவதில் கிடக்கும். யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய மூல நிரலோடு வருபவைக்குத்தான் முதல் ஃபோல்டரில் இடம்.

தொடக்கம் எப்போதும் விஎல்சிதான். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் ஓட்டும், கோடெக் தேடி அலைய வேண்டாம் என்று ஒரே வரியில் முடிக்கக்கூடிய விஷயம். நானா முடிக்கமாட்டார். 1996இல் எக்கோல் சென்ட்ரால் பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய வேலை அது என்பார். 2001இல் ஜிபிஎல் உரிமத்தில் உலகத்துக்கே திறந்துவிட்டார்கள் என்பார். அந்தச் செம்மஞ்சள் கூம்பு எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல், மாணவர்கள் சேர்த்து வைத்திருந்த வீதிக் கூம்புகளின் கதைக்குள் இறங்குவார். விளம்பரம் சேர்த்தால் கோடிக்கணக்கில் யூரோ தருவதாக வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதாக அதன் தலைவர் ஜான் பப்திஸ்ட் கெம்ப் சொன்ன இடத்துக்கு வரும்போது நானாவின் குரல் தளதளக்கும். “அவ்வளவு காச வேணாம் எண்டிருக்கான்!” கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்காரருக்கோ வேறு யோசனை: அந்த மனிசனுக்கு மூளை கீளை பிசகிப்போச்சோ?

பென் டிரைவ் கையில் இல்லாத நாளில்தான் நானாவின் வித்தையைப் பார்க்கவேண்டும். வீட்டுப் பையன் விஎல்சி தேடி ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருப்பான். அதில் ‘டவுன்லோட்’ என்று மூன்று பச்சைப் பட்டன்கள். பையனின் விரல் பெரியதை நோக்கிப் போகும். நானா அவன் மணிக்கட்டைப் பிடிப்பார். பெரியது விளம்பரம், நடுவில் துடிப்பது இன்னொரு விளம்பரம், மூன்றாவது உள்ளே டூல்பார் ஒன்றைக் கட்டி இழுத்து வரும். உண்மையானது கீழே, எறும்பு எழுத்தில் ஒரு நீலக் கோடு. அதையும் அமர்த்த விடமாட்டார். “செய்தவன்ட சொந்தத் தளத்துக்குப் போ. வீடியோலான் டொட் ஓர்க். வேற எங்கயும் எடுக்காத.” நானா சொன்னவற்றில் இந்த ஒன்றைக் கேட்டு நடந்தவர்கள் கணினியைக் கடைக்குக் கொண்டுபோவது நன்றாகக் குறைந்திருக்கிறது.

கோப்புகளைச் சுருக்கும் வின்ராரின் பெயரைக் கேட்டால் நானாவுக்குத் தலையிடி வரும். நாற்பது நாள் பரீட்சார்த்தம் முடிந்துவிட்டது, காசு கொடுத்து வாங்குங்கள் என்று அது பணிவாகச் சொல்லும். சனம் அதைவிடப் பணிவாக அந்தப் பெட்டியை மூடிவிட்டு வேலையைத் தொடரும். ரஷ்யரான இகோர் பவ்லோவ் 1999இல் வெளியிட்ட செவன்சிப் அதே வேலையை இலவசமாகச் செய்ய, இதெல்லாம் எதற்கு என்பது நானாவின் வாதம்.

“அது எட்டு வருசமா அப்பிடித்தான் சொல்லுது நானா. ஒண்டும் நடக்கல்ல.”

“நடக்காட்டி? நாங்க செய்யிறது சரியோ?”

மனச்சாட்சியைத் தொட்டுக் கேட்டுவிட்டாரே என்று அந்த இளைஞன் செவன்சிப்பைப் போட்டுக்கொண்டான். வின்ராரையும் அழிக்கவில்லை.

உண்மையான போர்க்களம் லிப்ரே ஆபிஸ். 2010இல் ஓபன் ஆபிஸிலிருந்து பிரிந்து வந்தது; கடிதம், கணக்கு, பிரசன்டேசன் எல்லாம் செய்யும்; ஒரு சதம் செலவில்லை. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன காலத்தில், தானாகச் சேமிக்கும் இடைவெளியை ஒரு நிமிடமாகக் குறைத்துவிட நானா வீடு வீடாக அலைந்தார். அதனால் பிழைத்த ஒப்படைகள் கந்தளாயில் உண்டு. ஆனால் அதே லிப்ரே ஆபிஸில் பயோடேட்டா அடித்த ஒரு பெடியன் அதைக் கொமினிகேசன் கடைக்குக் கொண்டுபோனான். கடைக் கணினியில் திறந்தபோது அவன் படம் இரண்டாம் பக்கத்துக்குப் போய், மூன்று ஏ சித்திகளின் மேல் உட்கார்ந்திருந்தது. முறைப்பாடு வந்தபோதும் நானா அசையவில்லை. “ஆர் உன்ன அப்பிடியே கொண்டுபோகச் சொன்ன? மேல பிடிஎஃப் பட்டன் இருக்கு. அத அமத்தினா வைச்சது வைச்ச இடத்தில இருக்கும்.” முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாம். அன்று விஎல்சிக் கூம்பின் கதையில் நேரம் போய்விட்டது.

பள்ளிவாசல் நோட்டீஸில் திகதியை மட்டும் மாற்றித் தரச் சொல்லி ஒருமுறை கொண்டுவந்தார்கள். பாமினியில் அடித்தது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் நோட்டீஸ் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் எழுத்துருவைப் போட்டுத் திகதியை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். நானா யூனிகோட்டின் அவசியத்திலிருந்து ஆரம்பித்து, சுரதா யாழ்வாணன் செய்து இலவசமாக விட்ட எழுத்துரு மாற்றியைக் காட்டி, முழு நோட்டீஸையும் மாற்றி, இரண்டு எழுத்துப் பிழையையும் திருத்திக் கையில் கொடுத்தபோது, வந்தவர்கள் திகதியைப் பேனையால் வெட்டி எழுதிப் போட்டோகொப்பி அடித்து ஒட்டியே முடித்திருந்தார்கள்.

இலவசம் என்றால் தரமில்லாதது என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் நானா கடைசி அஸ்திரத்தை எடுப்பார். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து திருகோணமலைக் கரையையும் அடித்துக்கொண்டு போனதே, அதற்குப் பிறகு நடந்த சங்கதி. காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் கணக்கு வைக்க ‘சஹானா’ என்ற மென்பொருளை இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களில் எழுதினார்கள். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேசன் அதைக் கட்டற்ற மென்பொருளாகவே வெளியிட்டது. அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் அது போனது. 2006க்குரிய சமூகப் பயன் விருதை அமெரிக்காவின் ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேசன் அதற்குக் கொடுத்தது. இதைச் சொல்லும்போது மட்டும் நானாவை யாரும் இடைமறிப்பதில்லை.

மென்பொருளைத்தான் சும்மா கொடுத்தார். கூடவே தன் மிச்ச ஆயுளையும் கொடுத்துவிட்டதை நானா தாமதமாகத்தான் உணர்ந்தார். பிரின்டரில் கடதாசி சிக்கினால் அவர். பேஸ்புக் பாஸ்வேர்ட் மறந்தால் அவர். டீவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும், “நீங்க போட்ட அந்தக் கூம்புக்குப் பிறகுதான்” என்று அவருக்கே போன். இரவு பத்து மணிக்கும் எடுத்துப் பேசுவார். “ஊர்க் கணினியெல்லாம் ஓடுது, எங்கட கிணத்து மோட்டர்தான் ஓடல்ல” என்று மனைவி குசினியிலிருந்து சொல்வது அந்தப் பக்கத்துக்கும் கேட்கும்.

2025 ஒக்டோபர் 14இல் மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பல பழைய கணினிகளில் அது இல்லை. நானாவுக்கு அது பெருநாள். லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென் டிரைவோடு புறப்பட்டார். 2 ஜிபி ராம் இருந்தாலே போதும், கணினியில் போடாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து, பிடித்தால் வைத்துக்கொள்ளலாம். முதலில் போனது, மூடிக் கிடக்கும் சீனித் தொழிற்சாலையில் அந்தக் காலத்தில் கணக்கு எழுதிய ஒரு பெரியவர் வீட்டுக்கு. பாதுகாப்பு, வேகம், சுதந்திரம் என்று அரை மணி நேரம் விளக்கினார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“எல்லாம் சரி தம்பி. இதில சீட்டு விளையாடலாமோ?”

“ஐயா, ஐல்ரியட் எண்டு ஒண்டு போட்டுத் தாறன். எண்பதுக்கு மேல சீட்டு விளையாட்டு இருக்கு, எல்லாம் இலவசம்!”

“எனக்கு ஒண்டு காணும்” என்றார் பெரியவர். “மற்ற எழுபத்தொம்பதையும் கழட்டிட்டுப் போடுங்கோ.”