விடுதி வைஃபையில் அகமும் புறமும்: ஓர் ஆய்வு

அகத்திணையில் தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. பெயர் வந்தால் பாட்டு புறமாகிவிடும். பெயர்கூட வேண்டாம், வேலில் கட்டிய வேம்பு பாண்டியனைக் காட்டிக்கொடுத்ததால் நெடுநல்வாடையைப் புறம் என்றார் நச்சினார்க்கினியர். இதே மரபு பல்கலைக்கழக விடுதி வைஃபைக்கும் பொருந்தும் என நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக்களம்: பொறியியல் மாணவர் விடுதி ஒன்றின் மூன்றாம் மாடி. தரவு திரட்டிய காலம்: மெஸ் மூடியதற்கும் தூக்கம் வருவதற்கும் இடைப்பட்ட பொழுது.

விண்டோஸைப் புதிதாக நிறுவிய லேப்டாப், 'டெஸ்க்டாப்' என்ற சொல்லோடு பொருளற்ற ஏழு எழுத்துகளைக் கோத்துத் தனக்குத் தானே பெயரிட்டுக்கொள்கிறது. தூய அகத்திணை. உடையவர்தான் பொறுக்காமல் 'கார்த்திக் மெக் தேர்ட் இயர்' என்று மாற்றுகிறார். இங்கே வேம்பு மட்டுமல்ல, மரமே வந்துவிட்டது.

அடுத்தது சொற்பொருள் சிக்கல். வைஃபை அமைப்பில் 'பப்ளிக்', 'பிரைவேட்' என இரு தெரிவுகள் உண்டு. அந்தரங்கம் வேண்டுவோர் பிரைவேட்டை அழுத்துகிறார்கள். விண்டோஸோ அதை 'இது என் வீடு, சுற்றியிருப்போர் சொந்தபந்தம்' என்று புரிந்துகொண்டு, அந்தக் கணினியை மற்றக் கணினிகளின் கண்ணில் படவைக்கிறது. பப்ளிக் என்றால்தான் திண்ணைக் கதவைச் சாத்துகிறது. ஆக, அகம் காக்கப் புறத்தை அழுத்த வேண்டும். உரையாசிரியர்கள் யாரும் எதிர்பாராத மயக்கம் இது.

இனி கடவுச்சொல். பல கல்லூரிகளில் பதிவெண்தான் பயனர் பெயர்; பிறந்த தேதிதான் கடவுச்சொல். எட்டு இலக்கத்துக்கு 10 கோடி சேர்க்கைகள். கேட்கத் தெம்பாக இருக்கிறது. ஆனால் ஒரே வகுப்பில் படிப்போர் பெரும்பாலும் இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் பிறந்தவர்கள். 10 கோடி இப்போது 730 சொச்சம். அதையும் யாரும் உட்கார்ந்து முயல வேண்டியதில்லை. நள்ளிரவு 12 மணிக்குக் கேக் வெட்டி, முகத்தில் அப்பி, மூன்று மாடிக்கும் கேட்கும்படி கடவுச்சொல்லைப் பாடியே அறிவித்துவிடுகிறார்கள். ஆண்டு ஒன்றுதான் பாக்கி. அது மதிப்பெண் சான்றிதழில் இருக்கிறது. சான்றிதழ் ஜெராக்ஸ் கடைக் கணினியின் டவுன்லோட்ஸில் இருக்கிறது.

இன்காக்னிட்டோ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கன்னத்தில் மரு ஒட்டிக்கொண்டு மாறுவேடம் போடும் பழைய சினிமாக் கலை அது. சொந்த லேப்டாப்பின் வரலாற்றை மட்டும் ஏமாற்றும். கல்லூரி ஃபயர்வாலுக்கு ஆள் யாரென்று தெரியும், பதிவெண் கொடுத்துத்தானே உள்ளே போனோம். பூட்டுக்குறி போட்ட தளமென்றால் கடிதத்தின் உள்ளே எழுதியது அதற்குத் தெரியாது. உறைமேல் உள்ள தளத்தின் பெயரும், போன நேரமும் தெரியும். இதற்கு அஞ்சி இலவச விபிஎன் போடுவோர் தனிவகை: வார்டனுக்குத் தெரியக் கூடாது என்று, ஊர்பேர் தெரியாத ஒருவரிடம் மொத்தக் கடிதக் கட்டையும் கொடுத்தனுப்புகிறார்கள்.

இந்த இடம்வரை எழுதிச் சேமித்து, தேநீருக்கு எழுந்தேன். எதிரறையிலிருந்து ஒரு குரல்: "அண்ணா, நச்சினார்க்கினியர்ல ஒரு 'க்' விட்டுட்டீங்க."

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். பிரைவேட்டில்தான் இருந்தது.