கொட்டாஞ்சேனையிட்டைத் தோத்த மோனுக்கு

இரு மோனை, தேத்தண்ணியைக் குடிச்சிட்டு அழு. கொட்டாஞ்சேனைப் பொடியளிட்டைத் தோத்திட்டியள், அவ்வளவுதானே? அதுக்காக வெள்ளவத்தையிலை ஒரு கடையும் பூட்டேல்லை. காலி வீதியிலை பஸ்ஸும் ஓடுது.

பிட்ச் சரியில்லையோ? நல்லாச் சொல்லு. ஆனா பிட்ச்சைக் குறை சொல்லுறவன் அளவு நாடாவும் கையுமாப் போகவேணும். 1948இலை, இங்கிலாந்துக்குக் கப்பலிலை போற வழியிலை, பிராட்மன்ரை அவுஸ்திரேலிய அணி எங்கட தமிழ் யூனியன் ஓவலிலை இறங்கி விளையாடினது. இலங்கைக்குச் சதாசிவம் கப்டன். 22 யார் இருக்கவேண்டிய பிட்ச்சை அளந்து பாத்தா 20 யார்தான் கிடக்கு! மிச்சம் ரண்டு யாரையும் ஆர் விழுங்கினதோ, நான் கேக்கேல்லை. பிராட்மன் எடுத்ததும் 20 ஓட்டம். ஒரு யாருக்கு ஒரு ஓட்டம் எண்டு கணக்குப் பாத்தாராக்கும். நீ நாலாம் பந்திலை முட்டை போட்டிட்டு வந்து நிக்கிறாய். உங்கட பிட்ச் எத்தினை யார், ராசா?

கடைசி விக்கெட்டுகள் மளமளவெண்டு போட்டுதெண்டு வெக்கப்படாதை. அதுக்கும் பெரிய இடத்து வழக்கம் இருக்கு. 1982 பெப்ரவரி, அதே ஓவல், இங்கிலாந்தோடை எங்கட முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸிலை அர்ஜுன ரணதுங்க, 18 வயதுப் பள்ளிக்கூடப் பொடியன், 54 அடிச்சவன். உனக்கிப்ப என்ன வயது? சரி, விடு. ரண்டாம் இன்னிங்ஸிலை மூண்டு விக்கெட்டுக்கு 167. சனம் வெண்டிட்டம் எண்டே நினைச்சுது. இங்கிலாந்தின்ரை எம்புரி பந்தைச் சுழட்டினான். 175க்கு எல்லாரும் வீட்டை. எட்டு ஓட்டத்துக்கு ஏழு விக்கெட்! இங்கிலாந்து ஏழு விக்கெட்டாலை வெண்டுது. நீங்கள் அந்த மரபைத்தான் காப்பாத்தியிருக்கிறியள், நல்ல பிள்ளையள்.

ஆனா கண்டியோ, எங்கட அணிக்காரர் அதோடை குந்தியிருந்து உன்னைப்போலை அம்பயரைத் திட்டேல்லை. 1985 செப்டெம்பரிலை அதே நிலத்திலை இந்தியாவை 149 ஓட்டத்தாலை விழுத்திச்சினம். ருமேஷ் ரத்நாயக்க தானே போட்ட பந்துக்குக் கபில் தேவைத் தானே பிடிச்சு முடிச்சு வைச்சான். எங்கட முதல் டெஸ்ட் வெற்றி எண்டு அடுத்த நாள் நாடு முழுக்க லீவு.

அடுத்தமுறை நீங்கள் வெண்டா, உன்ரை கந்தோருக்கு லீவுக் கடிதம் நானே எழுதித் தாறன். இப்ப போய் நீ திட்டின அந்த அம்பயரிட்டை மன்னிப்புக் கேள். அந்தாள் எங்கட ஒழுங்கையிலைதான் மரக்கறி வாங்க வாறது. ரண்டு நாளா என்னைக் கண்டா முகத்தைத் திருப்புது.