எந்தக் கரை வேட்டி எடுக்கிறது?

வாப்பா மருமகனே, உக்காரு. நீ பஜார்ல ஜவுளிக்கடை வாசல்ல ரொம்ப நேரமா நின்ன சேதி உனக்கு முந்தியே வீட்டுக்கு வந்துருச்சு. ஒரு கையில கறுப்பு சிவப்புக் கரை, இன்னொரு கையில நடுவுல வெள்ளை விட்ட கரையாம். எதை எடுக்கிறதுன்னு கடைக்காரரையே கேட்டியாமே! அவரு ரெண்டையும் எடுத்துக்கோன்னுதான் சொல்லுவாரு. தறிச் சத்தத்துல வளந்த ஊரு இது. எந்தக் கரை போட்டாலும் கூலி ஒண்ணுதான்னு இங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நீ எதுக்கு வந்தேன்னு புரியுது. அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஆட்சி மாறுறதை அறிய ஆருடம் வேண்டாம். நடுவுல எப்ப மாறும்னு தெரிஞ்சா, கூட்டத்துக்கு முந்தி ஏறி உக்காந்துக்கலாம்னு நினைக்கிற. இந்த ஆசை எப்படி வந்துச்சுன்னும் தெரியும். மிச்சிகன்ல இருக்கானே உன் மச்சான், அவன் போன்ல ஊதிவிட்டது. அங்க ஜனாதிபதி வந்து ரெண்டாம் வருஷம் நடுத்தேர்தல் வச்சு, ஜனங்க மாநிலத்து ஆட்சியையே அங்கிட்டு இங்கிட்டு மாத்திருதாங்களாம். 2022-ல அவன் மாநிலத்துல கவர்னரு, மேல்சபை, கீழ்சபை மூணும் ஒரே கட்சிக்கு, ஜனநாயகக் கட்சிக்கு, நாப்பது வருஷத்துக்கு அப்புறம் வந்துச்சாம். அதுக்கு நாள் வேற குறிச்சு வச்சிருக்கான்: நவம்பர்ல முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய். கட்சி மாறுறவனுக்கு எம்புட்டு வசதி பாரு! ஒரு வாரம் முந்தி வேட்டியை எடுத்துத் துவைச்சுக் காயப்போட்டுக்கலாம்.

நம்ம சீமையில நடுமாற்றத்துக்கு நாள் கிடையாது. தலைவர் கண்ணை மூடலாம். டெல்லியில இருந்து கடிதாசி வரலாம். எம்.எல்.ஏ.க்களை பஸ்ஸுல ஏத்திக் கடற்கரை ரிசார்ட்டுல இறக்கலாம். மூணாவது நீதிபதி தீர்ப்பு எழுதலாம். இதுல எது எப்ப வரும்னு ஜவுளிக்கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

நான் பார்த்ததைச் சொல்றேன், கேளு. 1977-ல எம்.ஜி.ஆர். எங்க நின்னு ஜெயிச்சு முதலமைச்சர் ஆனாரு? இந்த அருப்புக்கோட்டையில. கோட்டைக்கு ஆள் அனுப்பின ஊருன்னு நாங்க தலையைத் தூக்கித் திரிஞ்சோம். குடத்தைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சதும் நிக்கலை, அது வேற கதை. 1980 ஜனவரியில பார்லிமெண்டு தேர்தல் வந்துச்சு. 39 தொகுதியில அவரு கட்சிக்கு ரெண்டே ரெண்டு: கோபிச்செட்டிப்பாளையமும் நம்ம பக்கத்துச் சிவகாசியும். அம்புட்டுத்தான், ஆட்டம் முடிஞ்சதுன்னு அன்னைக்கு ராத்திரியே கரை மாத்தினவங்க உண்டு. அடுத்த மாசம் பிப்ரவரி 17-ல இந்திரா காந்தி அம்மா ஒன்பது மாநில அரசைக் கலைச்சாங்க, அதுல நம்மளும் ஒண்ணு. கரை மாத்தினவங்க, "சொன்னோம்ல?"ன்னு மீசையைத் தடவுனாங்க. எதிர்ல கலைஞரும் காங்கிரஸும் தொகுதியை ஏறக்குறைய சரிபாதி பிரிச்சுக்கிட்டு நின்னாங்க. மே மாசக் கடைசியில ஓட்டு. பொட்டியைத் திறந்தா எம்.ஜி.ஆருக்கு 129. ஜனவரியில ரெண்டு கொடுத்த அதே ஜனம்! டெல்லிக்கு ஒரு கணக்கு, சென்னைக்கு ஒரு கணக்கு. அந்த நாலு மாச இடைவெளியில எத்தனை பேரு வேட்டியை மாத்தி, திரும்ப மாத்தி, கடைசியில லுங்கியோட நின்னாங்கன்னு உங்க அத்தைகிட்ட கேளு. அவரு மட்டும் உசாரு, அந்தத் தடவை நம்மளை விட்டுட்டு மதுரை மேற்குக்குப் போயிட்டாரு.

1988 இன்னும் கூத்து. எம்.ஜி.ஆர். போன ரெண்டு மாசத்துக்குள்ள அவரு மனைவி ஜானகியம்மா முதலமைச்சராகி, சட்டசபையில மைக்கு பறந்து, ஆட்சியும் போச்சு. மறு வருஷத் தேர்தல்ல இரட்டை இலையை முடக்கி, ஒரு அணிக்குச் சேவல், இன்னொரு அணிக்கு இரட்டைப் புறா. நடுவுல தி.மு.க. சூரியன் 150 தொகுதியில உதிச்சுது. அதையும் ரெண்டு வருஷம் முடிஞ்ச கையோட, 1991 ஜனவரியில கலைச்சாங்க. அந்த மூணு வருஷத்துல கரை வேட்டி வியாபாரம் எப்படி இருந்திருக்கும்னு நீயே கணக்குப் போட்டுக்கோ.

அப்புறம் கோர்ட்டுக்காரங்க புகுந்தாங்க. 1994-ல பொம்மை வழக்குல உச்ச நீதிமன்றம், நெனச்ச நேரத்துக்கு ஆட்சியைக் கலைக்க முடியாது, பெரும்பான்மையைச் சபையில வச்சுத்தான் பார்க்கணும்னு சொல்லிருச்சு. நல்ல தீர்ப்பு. அதுக்கப்புறம் என்ன ஆச்சு? கலைக்கிறது குறைஞ்சுது, எண்ணுறது கூடிப்போச்சு. எண்ணணும்னா தலை கலையாம இருக்கணுமில்ல, அதுக்குத்தான் ரிசார்ட்டு. 2017 பிப்ரவரியில கூவத்தூர் பேரை நாடே படிச்சுதே. சபையில முதலமைச்சர் எடப்பாடியாருக்கு ஆதரவா 122, எதிரா 11. செப்டம்பர்ல தினகரன் பக்கம் சாஞ்ச அ.தி.மு.க. எம்.எல்.ஏ. 18 பேரைச் சபாநாயகர் தகுதிநீக்கம் பண்ணுனாரு. ஐகோர்ட்டுல ரெண்டு நீதிபதிக்குள்ள கருத்து ஒத்துப்போகலை. மூணாவது ஒருத்தர் வந்து, செஞ்சது சரிதான்னு 2018 அக்டோபர்ல சொல்லி முடிச்சாரு. அந்த 18, மத்த காலியிடம் 4, ஆக 22 தொகுதிக்கு 2019-ல இடைத்தேர்தல். மருமகனே, உன் மிச்சிகன் நடுத்தேர்தலுக்கு நம்ம நாட்டு நகல் இதுதான். ஜெயிச்சா ஆட்சி தங்கும், தோத்தா ஆட்சி போகும்.

இப்ப நீ நம்ம பஸ் ஸ்டாண்டுல நின்னு நாலு பக்கமும் திரும்பு. தென்மேற்கே சாத்தூர், இடைத்தேர்தல். தெற்கே விளாத்திகுளம், இடைத்தேர்தல். கிழக்கே பரமக்குடி, இடைத்தேர்தல். வடகிழக்கே மானாமதுரை, இடைத்தேர்தல். வடக்கே திருப்பரங்குன்றத்துலயும் வந்துச்சு. ஓட்டப்பிடாரத்துலயும் வந்துச்சு. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் மட்டும் மானாவாரி மழை விட்டுப்போன புஞ்சை மாதிரி நடுவுல காஞ்சு கிடந்தோம். சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் மந்திரிமார் காரு புழுதி கிளப்பிக்கிட்டுப் போச்சு. இங்க சோடா வாங்கக்கூட நிறுத்தலை. இங்கனயே சம்பந்தம் பண்ணினவங்க, பரமக்குடியில பண்ணியிருக்கலாமேன்னு வருத்தப்பட்டதை நான் காதால கேட்டேன்.

முடிவைப் பாரு. மே 23-ல எண்ணினா 22-ல தி.மு.க.வுக்கு 13, அ.தி.மு.க.வுக்கு 9. எடப்பாடியார் கையில அப்ப சபாநாயகரைச் சேர்த்து 114. பாதிக்கு மேலன்னா 118 வேணும், குறை நாலு. இந்த ஒன்பதுல சாத்தூர், விளாத்திகுளம், பரமக்குடி, மானாமதுரை, நம்ம காய்ஞ்ச சீமை மட்டும் நாலு. புரியுதா? தண்ணியில்லாத காட்டுல இருந்து போன நாலு பேருதான் அந்த ஆட்சிக்குத் தண்ணி தெளிச்சது. அதுலயும் சாத்தூர்ல ஆயிரம் ஓட்டுகூட வித்தியாசம் இல்லை. அந்த நாலு தொகுதியும் எந்தெந்தப் பார்லிமெண்டு தொகுதியில வருது? விருதுநகர், தூத்துக்குடி, ராமநாதபுரம், சிவகங்கை. அதே ஏப்ரல் 18-ல அதே பள்ளிக்கூடத்துல ரெண்டு எந்திரம் வச்சு ஓட்டு எடுத்தாங்க. பார்லிமெண்டு நாலும் தி.மு.க. கூட்டணிக்கு, எம்.எல்.ஏ. நாலும் அ.தி.மு.க.வுக்கு. 1980-ல நாலு மாசம் இடைவெளி விட்டுப் பண்ணின வேலையை 2019-ல ஒரே அறையில ரெண்டடி தள்ளிப் பண்ணிட்டாங்க. டி.வி.யில கோட்டு போட்டவங்க இதை அலைன்னு சொன்னாங்க. ராமநாதபுரம் கடல்லகூட ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் அடிக்கிற அலையை நான் பார்த்ததில்லை.

அதுக்கு அடுத்த அஞ்சாவது மாசம், அக்டோபர்ல, நாங்குநேரியிலயும் விக்கிரவாண்டியிலயும் இடைத்தேர்தல். ஒண்ணு காங்கிரஸ் வச்சிருந்தது, ஒண்ணு தி.மு.க. வச்சிருந்தது. ரெண்டும் ஆளுங்கட்சிக்குப் போச்சு. ஏன்னு கேளேன். ஏப்ரல்ல ஆட்சி இருக்குமா போகுமான்னு சந்தேகம், அதனால ஜனம் பிரிச்சுப் போட்டுச்சு. அக்டோபர்ல ஆட்சி இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கும்னு தெரிஞ்சுபோச்சு. சாவி எவன் கையிலயோ அவன்கிட்டதானே பூட்டைத் திறக்கச் சொல்லணும்? இதைக் காசுக்கு ஓட்டுன்னு சொல்லி முடிக்கிறவங்க பாதிதான் பார்த்தவங்க. காசு வராதுன்னு நான் சொல்லலை. 2009 ஜனவரியில நமக்கு வடக்க இருக்கிற திருமங்கலத்துல நடந்த இடைத்தேர்தல்தான் நாடு பூராவும் 'திருமங்கலம் பார்முலா'ன்னு பேரெடுத்துச்சு. ஊருக்கு மல்லிகைப்பூ பேர் வாங்கிக் கொடுக்கும், சேவு பேர் வாங்கிக் கொடுக்கும். திருமங்கலத்துக்கு அது வாச்சுது. ஆனா காசு தராத எடத்துலயும் இடைத்தேர்தல்னா ஆளுங்கட்சிப் பக்கமே தராசு சாயும். நம்ம அருப்புக்கோட்டையிலயே 1998-ல நடந்துச்சு. எம்.எல்.ஏ. தங்கபாண்டியன் காலமான இடத்துல அவர் மகன் தங்கம் தென்னரசு நின்னு ஜெயிச்சாரு, ஆட்சியில இருந்தது கலைஞர். அதே 1998-ல பார்லிமெண்டுல 39-ல 30-ஐ ஜெயலலிதா அம்மா கூட்டணிக்குக் கொடுத்த தமிழ்நாடுதான் இது.

தராசு எப்பவும் ஒரே பக்கம் சாயும்னு நம்பிராத. 1973-ல திண்டுக்கல்லு பார்லிமெண்டு இடைத்தேர்தல்ல, பொறந்து ஆறேழு மாசமான எம்.ஜி.ஆர். கட்சி மாயத்தேவரை நிறுத்தி ஜெயிச்சு, ஆளுங்கட்சியை மூணாவது இடத்துக்குத் தள்ளுச்சு. 2017 கடைசியில ஆர்.கே. நகர்ல தினகரன் பிரஷர் குக்கர்ல நின்னு ஆளுங்கட்சியை நாப்பதாயிரம் ஓட்டுல தோக்கடிச்சாரு. எல்லாரும் குக்கர் வாங்கக் கிளம்பினாங்க. ஒன்றரை வருஷம் கழிச்சு அந்த 22-ல அவரு கட்சிக்கு ஒண்ணுகூட இல்லை.

என்ன முழிக்கிற? சாத்தூர் ராமச்சந்திரன் மாறலையா, அவருக்கு என்ன குறைஞ்சுபோச்சுன்னுதானே கேக்கப் போற. வாஸ்தவம். 1977-ல சாத்தூர்ல இரட்டை இலை, 2016-லயும் 2021-லயும் நம்ம அருப்புக்கோட்டையில உதயசூரியன். கரை மாறுச்சு, ஆள் மாறலை. ஆனா அவரு மாறுறதுக்கு முந்தியே ஒரு ஊரு அவரு பேரு முன்னால ஒட்டிக்கிச்சு. உன் பேரு முன்னால என்ன ஒட்டியிருக்கு? சொசைட்டிக் கடன் பாக்கி.

வடக்கே போய்ப் பாரு. கர்நாடகாவுல 2019-ல கட்சி விட்டு வந்தவங்களை வச்சு ஆட்சி மாறுச்சு, டிசம்பர்ல 15 தொகுதி இடைத்தேர்தல்ல 12-ஐ பா.ஜ.க. எடுத்து ஆட்சியைக் கெட்டிப்படுத்திக்கிச்சு. மத்தியப் பிரதேசத்துல 2020-ல சிந்தியாவோட காங்கிரஸ்காரங்க 22 பேரு கட்சி விட்டு வந்தாங்க, முதலமைச்சர் கமல்நாத் போனாரு. நவம்பர்ல 28 தொகுதிக்கு நடந்த ஓட்டுல 19 பா.ஜ.க.வுக்கு. ஆட்சி தங்கிருச்சு. ஆனா மந்திரியாவே இருந்து ஓட்டுக் கேட்டவங்கள்ல மூணு பேரு தோத்துட்டு வீட்டுக்குப் போனாங்க. வண்டி ஊரு போய்ச் சேர்ந்துச்சு, ஏறினவங்கள்ல சில பேரு வழியிலயே விழுந்துட்டாங்க.

நம்ம கணக்கு அதைவிட மோசம். அந்தத் தகுதிநீக்கம் ஆன 18 பேருல 2019 இடைத்தேர்தல்ல திரும்ப எம்.எல்.ஏ. ஆனது யாரு? செந்தில்பாலாஜி ஒருத்தர்தான். தினகரன்கிட்ட இருந்து தி.மு.க.வுக்குத் தக்க சமயத்துல தாண்டி அரவக்குறிச்சியில ஜெயிச்சாரு. 18-ல ஒண்ணு. எம்.எல்.ஏ.வா இருந்தவங்களுக்கே இந்தக் கணக்கு. கிளைச் செயலாளர் பதவிக்கு ஏங்குற நீ அந்த ஒண்ணா, மிச்சம் பதினேழான்னு கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுட்டு அப்புறம் கடைக்குப் போ.

கரையை விடு, வேலையைப் பார்ப்போம். ஒரு தொகுதி காலியானா ஆறு மாசத்துக்குள்ள தேர்தல் வைக்கணும்ங்கிறது சட்டம், மிச்சப் பதவிக்காலம் ஒரு வருஷத்துக்குக் குறைவா இருந்தா வேண்டாம். தேதி அறிவிச்ச நிமிஷத்துல இருந்து நடத்தை விதி வந்துரும், அப்புறம் புதுசா ஒரு கல்லு நட முடியாது. ஆக காலியானதுக்கும் அறிவிப்புக்கும் நடுவுலதான் ரோடு வரும், பைப்பு வரும், கண்மாய்க்கு மடை வரும். விவரமான ஊர்க்காரன் அந்த இடைவெளியில மனுவோட நிப்பான். கரை வேட்டிக்காரன் போஸ்டருக்குப் பசை காய்ச்சிக்கிட்டு இருப்பான். நம்ம எம்.எல்.ஏ.மாரு நூறு வயசு இருக்கட்டும், நான் யாருக்கும் கேடு நினைக்கலை. ஆனா மனு எழுதி வச்சிருக்கிறதுல தப்பில்லையே?

நம்ம கண்மாய் மடை உடைஞ்சு கிடக்கு, மராமத்துக்கு எழுதுன்னு போன மாசம் சொன்னேனே, எழுதுனியா? எழுதலையா? அத்தைகிட்ட ஒரு வெள்ளைத்தாள் வாங்கு. இங்கனயே உக்காந்து எழுது. நீளம், அகலம், எத்தனை ஏக்கர் பாயுது, எல்லாம் போடு. மேல 'மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு'ன்னு எழுது. பேரு போடுற இடத்தைக் காலியா விட்டு வை.