தேடச் சொல்லாதடே!

வாடே பேராண்டி. மத்தளம்பாறைக்கு சோஹோ ஆபீசு வந்தாலும் வந்துச்சு, தென்காசிப் பக்கம் டீக்கடை பெஞ்சுல உக்காந்துகூட இங்கிலீசுல மெயில் அடிக்கானுவ. நீயும் வேலைக்கு மனு போடுதியாமே? சந்தோசம். வாசி, கேப்போம்.

"ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட் ஹியர்வித் மை ரெஸ்யூம் ஃபார் யுவர் கைண்ட் பெரூசல்."

அடேயப்பா! தாலுகாபீசு வாசல்ல மனு எழுதுதவரு தோத்தாரு போ. உனக்கு வயசு இருவத்திரெண்டு; உன் இங்கிலீசுக்கு நூத்தம்பது.

அது என்னடே 'ஃபைண்ட்'? குத்தாலத்து மெயினருவி முன்னால நின்னுக்கிட்டு, 'தயவுசெஞ்சு அருவியக் கண்டுபிடிங்க'ன்னு போர்டு வச்சா, சாரல்ல நனையுதவன் உன்ன என்ன நெனப்பான்? 'அட்டாச்ட்'ன்னு சொன்ன பொறவு 'ஹியர்வித்' எதுக்கு? இணைச்சது கூடத்தானே வரும். பொறத்தால செங்கோட்டை பாசஞ்சர்லயா வரும்?

நான் மட்டும் சிரிக்கல. அமெரிக்காவுல ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட்டுன்னு ஒரு மனுசன் 1880லயே இந்த 'ப்ளீஸ் ஃபைண்ட்'டக் கிண்டலடிச்சிருக்காரு. தபால் பை போயி ஜிமெயிலு வந்துட்டு. அந்த வரி மட்டும் அசையல.

'ஐ'வ் அட்டாச்ட் மை ரெஸ்யூம்'னு எழுது. சோலி முடிஞ்சுது. சேக்காளிக்குன்னா 'ஹியர்'ஸ் த போட்டோ' போதும். மெயிலுக்குள்ளயே கீழ எழுதியிருந்தா 'த டீடெயில்ஸ் ஆர் பிலோ'. கவருல வச்சு ஒட்டுதியா, அப்ப 'என்க்ளோஸ்ட்'. 'பி.எஃப்.ஏ.'ன்னு மூணெழுத்த மட்டும் போட்டுராத. வெளிநாட்டுக்காரன் அது என்ன வியாதின்னு கூகுள்ல தேடுவான்.

மொட்டையா எழுதுனா மரியாத கொறஞ்சிருமேன்னு முழிக்காத. நம்ம குத்தாலத்துல இருந்த ரசிகமணி டி.கே.சி. சட்டம் படிச்சவுக, அறநிலையத்துக்குக் கமிஷனரா இருந்தவுக. ஆபீசு பாஷை அவுகளுக்குத் தெரியாததா? ஆனா சேக்காளிகளுக்கு எழுதுன காயிதத்தப் படிச்சா, எதுக்க உக்காந்து பேசுதாவன்னே தோணும். 1954ல போய்ச் சேந்தாவ. காயிதம் புஸ்தகமா நிக்கி. மரியாதய சொல்லுத விசயத்துல வையி, வாலு நீளத்துல வைக்காத.

கடைசியா ஒண்ணு. பொத்தான அமுக்கு முன்னால ரெஸ்யூம் ஏறியிருக்கான்னு ஒருதரம் பாத்துக்க. மறந்துபோயி வெறுங்கைய வீசி அனுப்பிட்டேன்னு வையி, அன்னைக்கு மட்டும் உன் 'ப்ளீஸ் ஃபைண்ட்' நூத்துக்கு நூறு சரிடே!