தெருமுனைக் கடைக்காரர் மீது ஒரு புகார் மனு

அனுப்புநர்:
மாடித்தோட்டக்காரி ஒருத்தி,
பொள்ளாச்சி.

பெறுநர்:
உயர்திரு தலைமை ஆணையர் அவர்கள்,
மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம்,
புது தில்லி.

பொருள்: எங்கள் தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர் ஏமாற்று உத்திகளைக் கையாள்வது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஆணையத்தின் 30.11.2023 நாளிட்ட வழிகாட்டுதல்கள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

இணையக் கடைகள் மக்களை எந்தெந்த வழியில் மடக்குகின்றன என்று ஆராய்ந்து, 13 உத்திகளைப் பெயர் சொல்லித் தடை செய்தீர்கள். 2025 ஜூனில், ‘மூன்று மாதத்துக்குள் உங்களை நீங்களே தணிக்கை செய்துகொள்ளுங்கள்’ என்று அந்தக் கடைகளுக்கே அறிவுரையும் அனுப்பினீர்கள். பரீட்சை எழுதியவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்த தங்கள் பெருந்தன்மையை வணங்குகிறேன். ஆனால் அதே உத்திகளைப் பட்டப்பகலில் கையாளும் ஒருவர் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கிறார். அவருக்கு இதுவரை ஒரு நோட்டீஸ்கூட வந்ததில்லை.

கடை பத்தடி அகலம் இருந்தால் அதிகம். வாசலில் பச்சையும் நீலமுமாக ஓஸ் பைப் சுருள்கள், தொங்கும் பூவாளிகள், மூலையில் சாய்த்த மண்வெட்டிக் காம்புகள். உள்ளே பழைய பிஸ்கட் டின்களில் எல்போ, டீ, நட்டு, போல்ட்டு. எது எந்த டின்னில் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

முதல் குற்றச்சாட்டு, கேட்காததைக் கூடைக்குள் நுழைப்பது. அரை இஞ்ச் எல்போ ஒன்று கேட்டால், கூடவே ஒரு டெஃப்லான் டேப்பையும் எடுத்து வைக்கிறார். “இது சுத்தாம மாட்டுனா ஒழுகுமுங்க” என்கிறார். இணையக் கடையிலாவது, முன்கூட்டியே போட்டு வைத்த டிக்கைத் தேடிக் கண்டுபிடித்து நீக்கிவிடலாம். இவரிடம் நீக்கவும் முடியாது. சொன்னபடியே அது ஒழுகித் தொலைக்கும்.

அடுத்தது, வாங்க வந்தவரை வெட்கப்படுத்துதல். இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மாடித் தோட்டத்துக்கென்று இணையத்தில் ஓர் ஓஸ் பைப் தருவித்திருந்தேன். படத்தில் வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று புல்வெளியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. பைப்போடு வந்த இணைப்பானும் அந்தக் குழந்தை வீட்டுக் குழாய்க்கு உரியது போலும். எங்கள் மாடியில் இருப்பதோ மூக்கில் மரையே இல்லாத பித்தளைக் குழாய். இணைப்பானை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்து, கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. “இதைய எங்கீங்க வாங்குனீங்க?” என்று மட்டும் கேட்டார். ‘வேண்டாம், எனக்குப் பணத்தை மிச்சப்படுத்த விருப்பமில்லை’ என்று பொத்தானில் எழுதி வைத்து ஆளைக் கூச வைக்கும் இணையதளங்களைத் தாங்கள் தடுத்திருக்கிறீர்கள். எழுத்தே இல்லாமல் இவர் செய்ததற்கு எந்தப் பிரிவு?

அத்தோடு நின்றாரா? இணைப்பானை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டு, பத்து ரூபாய்க்கு ஒரு கிளிப்பைக் கொடுத்தார். “பைப்பு நுனியச் சுடுதண்ணில முக்கி, இளகுனதும் கொழாயில ஏத்தி, கிளிப்பை முடுக்கிருங்க. போதுமுங்க” என்றார். பழைய சைக்கிள் டியூபைக் கத்தரியால் வெட்டிக் குழாய்க்கு ஒரு வாஷரும் செய்து தந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளைப் புரட்டிப் பார்த்தேன். அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், தயாரித்தவர் பெயர், முகவரி எதுவுமே அந்த வாஷரில் இல்லை. பொட்டலமே இல்லாததால் தப்பித்துக்கொள்கிறார்.

பொய் அவசரமும் உண்டு. ‘இரண்டு மட்டுமே மீதம்’ என்று திரையில் மிரட்டுவது தாங்கள் அறிந்ததே. மறுநாள் பார்த்தாலும் அதே இரண்டு அப்படியே மீதமிருக்கும். இவர், “ஒண்ணரைக்குச் சாப்படப் போயிருவனுங்க” என்று மிரட்டுகிறார். ஒன்றரைக்கு நிஜமாகவே ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். இதைப் பொய் அவசரத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஆணையம் தெளிவுபடுத்த வேண்டும்.

விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதும் தங்கள் பட்டியலில் இருக்கிறது. திரையில் ஒரு விலை, கடைசிப் பக்கத்தில் டெலிவரிக்கு ஒன்று, கையாளுவதற்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் இன்னொன்று. இவரிடம் விலை எதிர்த்திசையில் சொட்டுகிறது. கூட்டினால் 287 வரும். “280 குடுங்க” என்பார். இறங்கும் சொட்டுக்கும் தடை உண்டா?

தரவுப் பாதுகாப்பு தங்கள் துறை இல்லை என்றாலும் ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். எங்கள் மோட்டார் எத்தனை ஹெச்பி, மாமனார் காலத்தில் போட்ட ஜிஐ பைப் எந்தச் சுவருக்குள் போகிறது, தெருவில் யார் வீட்டுக்கு எவ்வளவு கடன் பாக்கி எல்லாமே இவர் தலைக்குள் இருக்கின்றன. 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் ஒப்புதலை எங்களில் யாரிடமும் இவர் வாங்கவில்லை.

இணையக் கடைகளின் வெளிப்படைத்தன்மையையும் நான் மறைக்கக் கூடாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பவர் முகவரியும் பொருள் பிறந்த நாடும் தெரிந்தாக வேண்டும். அதனால்தான் எனக்கு ஓர் உண்மை தெரியவந்தது. க்ரோ பேக்கில் நிரப்ப ஐந்து கிலோ தேங்காய் நார்த்தூள் கட்டி ஒன்று வரவழைத்தேன். ஊருக்கு வெளியே நார் மில்களின் களங்களில் செம்பழுப்பாகக் கொட்டிக் காயவைத்திருக்கும் அதே தூள்தான். எங்கள் வட்டாரத்திலிருந்து கப்பலேறி வெளிநாட்டுத் தோட்டங்களுக்கும் அது போகிறது. என் கட்டியை விற்றவர் முகவரியோ வட மாநிலம் ஒன்றில் இருந்தது. பிறந்த நாடு: இந்தியா. மாடியில் நின்று பார்த்தால் தெரிகிற தென்னந்தோப்பின் மட்டை, தேசத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடமே திரும்பியிருக்கலாம் என்ற நினைப்பில் எனக்குப் புல்லரித்தது. அந்தக் கட்டியை உச்சி வெயிலில் மாடி வரை சுமந்து வந்த தம்பிக்கு அப்படி ஏதும் புல்லரித்ததாகத் தெரியவில்லை.

இணையக் கடையில் நீல ஸ்ட்ராபெர்ரி விதையும் பார்த்தேன். அப்படி ஒரு பழமே உலகில் இல்லை. விதை விற்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. இல்லாத பழத்தின் விதைக்கு எந்த அலுவலகம் உரிமம் தருகிறது என்று விசாரித்துச் சொன்னால் நல்லது.

கடைக்காரர் மீது பகடியில்லாத புகார்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, பில்லும் போர்டும். பில் கேட்டால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தருகிறார். சுவரில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறார். பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாள் வரை திருப்பித் தரலாம் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. மாட்டிய போர்டுக்குக் கீழே நின்றே அவர் பொருளை மாற்றித் தருகிறார் என்பது வேறு விஷயம். போர்டை நம்பித் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ.

இரண்டாவது இதைவிடக் கசப்பு. புதிதாக எந்தப் பெண் போய் நின்றாலும், “ஏனுங்கக்கா, சாரு வரலீங்களா?” என்பார். மண்வெட்டிக்குக் காம்பு போட சார் எதற்கு? இணையத்தில் அந்தக் கேள்வி இல்லை. நள்ளிரவில்கூட எவரையும் துணைக்கு அழைக்காமல் கேட் வால்வு வாங்கலாம். எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் செல்போனில் வாங்கப் பழகியதற்குத் தள்ளுபடி மட்டும் காரணமில்லை என்று கடைக்காரர்கள் சங்கத்துக்கு யாராவது சொல்லுங்கள்.

இனி முக்கியமான குற்றம். இவர் விற்க மறுக்கிறார். சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது, புதிதாக முழு செட்டும் வேண்டும் என்று கேட்டேன். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் வியாபாரம். “தொட்டி மூடாமக் கெடக்குதுங்களா? பாசி அடைச்சிருக்கும். ஃபில்ட்டரக் கழட்டிக் கழுவுங்க, புதுசு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு ஆணி நிறுக்கப் போய்விட்டார். கழுவினேன், தண்ணீர் வந்தது. அன்று அவருக்கு என்னால் வருமானம் ஒரு ரூபாய்கூட இல்லை. அதே கேள்வியை இணையத்தில் தேடியதற்கு, இன்றுவரை என் செல்போன் சொட்டுநீர் செட்டுகளாகக் காட்டித் தள்ளுகிறது. அங்கே புகார் செய்தால் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும் என்பது விதி. ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று இயந்திரம் உடனே வருந்திவிடுகிறது. ‘இது உங்களுக்கு வேண்டாம்’ என்று மட்டும் அது ஒருநாளும் சொன்னதில்லை.

ஆகவே இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது வணிகத்துக்கு விரோதம் என்று கருதினால், அதை 14-ஆவது உத்தியாகச் சேர்த்து இவரைத் தண்டியுங்கள். இல்லையென்றால் எல்லா இணையக் கடைகளுக்கும் ஓர் உத்தரவு போடுங்கள்: ‘வாங்கு’ பொத்தானுக்குப் பக்கத்தில் ‘இது எனக்குத் தேவையா?’ என்றொரு பொத்தான் இருக்க வேண்டும். அதை அழுத்தினால் குழாய் மாட்டத் தெரிந்த ஒரு மனிதர் பேச வேண்டும். இவருக்கும் பில் புத்தகம் ஒன்று வாங்கச் சொல்லி, சாரைக் கேட்பதை நிறுத்தச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள்.

பதிலைத் தமிழில், தபாலில் அனுப்பினால் உதவியாக இருக்கும். அவருக்கும் படித்துக் காட்ட வேண்டும். அவரிடம் மின்னஞ்சல் கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாடித்தோட்டக்காரி