பொன்சாய்க்குச் சவர்க்காரம் போடலாமா?

கேள்வி: சாடியில் வளர்க்கும் என் ஆலமரத்தின் அடிமரம் அழுக்காகத் தெரிகிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்க்கலாமா? (வாசகர், முருங்கன்)

பதில்: மரம் என்ன, கல்யாண வீட்டுக்கா வெளிக்கிடுகிறது? பல்துலக்கிக் கழித்த பழைய பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து, தூசியை மெல்லத் தட்டிவிட்டால் போதும். பாசி மண்ணில் இருந்தால் அழகு. தண்டில் ஏறினால் ஈரத்தைப் பிடித்துப் பட்டையை உக்க வைக்கும், ஆகவே அதையும் எடுத்துவிடுங்கள். ஆலின் பட்டை மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் பால் வடியும். சின்ன மரத்தைக் கிழமாகக் காட்டுவதுதான் பொன்சாயின் முழு வித்தை. ஆண்டுக்கணக்கில் வந்த சொரசொரப்பை ஒரு காலையில் கழுவிவிட்டு, "இளசாகத் தெரிகிறதே" என்று எனக்கே கடிதம் எழுதுவீர்கள்.

கேள்வி: தண்டில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. என்ன நோய்? (வாசகி, பேசாலை)

பதில்: மரத்துக்கு நோயில்லை, கிணற்றில்தான் கோளாறு. சுண்ணாம்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகத்தான் நிற்கும். சாடி மண்ணைத் துணியால் மூடிவிட்டு, தண்ணீர் கலந்த வினாகிரியைப் பிரஷ்ஷால் தொட்டுத் துடையுங்கள். இனி மரத்தின் தலையில் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள். மாரியில் மழைத்தண்ணீர் பிடித்து வைப்பது இன்னும் நல்லது.

கேள்வி: எங்கள் வயல் களிமண்ணிலேயே நடலாம்தானே? (வாசகர், முருங்கன்)

பதில்: உங்கள் ஊர்க் களியை ரயிலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பிச் சீமெந்து செய்தார்கள். சாடிக்குள்ளும் அதையே செய்யப் பார்க்கிறீர்கள். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரைத் தாங்கி நிற்பதால் நெல்லுக்கு அது தங்கம். சாடியிலோ மழைக்கு ஊதி அடிமரத்தை அழுக வைக்கும், கோடைக்குப் பாளமாக வெடித்துச் சின்ன வேர்களை அறுக்கும். பட்டை கழன்றதும் பூச்சிமருந்து தேடி ஓடுவீர்கள். குற்றவாளி கீழே இருப்பான். உடைத்த ஓட்டுத் துண்டும் பருமணலும் தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி: கம்பித் தழும்பு மாறுமா? (வாசகர், நானாட்டான்)

பதில்: மாறும், பல வருடம் பிடிக்கும். ஆல் சீக்கிரம் பருக்கும் மரம். கம்பி பதியத் தொடங்கும்போதே துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். சுழற்றிக் கழற்றினால் பட்டையும் கூட வரும்.

கேள்வி: பெருக்க மரத்தைப் பொன்சாய் ஆக்கலாமா? (வாசகர், மன்னார்)

பதில்: பள்ளிமுனை மரத்தைப் பார்த்தீர்களா? உயரம் ஏழரை மீற்றர், சுற்றளவு 19.5 மீற்றர். அரேபிய வணிகர் 1477இல் நட்டதாகச் சொல்கிறார்கள். பொன்சாய்க்காரர் ஆயுள் முழுக்கக் கம்பி கட்டித் தேடும் இடுப்பு அதற்குச் சும்மா வாய்த்திருக்கிறது.

தாராளமாக ஆக்கலாம். அதன் பட்டை தனி ரகம். ஆபிரிக்காவில் கயிறு திரிக்க உரித்தெடுப்பார்கள். மரம் சாகாமல் புதுப்பட்டை போர்த்துக்கொள்ளும். மேல்தோலுக்கு அடியில் பச்சை இருக்கிறது, இலை உதிர்ந்த காலத்திலும் தண்டு கொஞ்சம் உணவு செய்யும். ஆகவே தண்டில் வெயில் படட்டும். இலையில்லாத மரத்தின்மேல் இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள்: தேவையானதைத் தண்டு சேமித்து வைத்திருக்கிறது. அமுக்கும்போது மெத்தென்றிருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது.

கேள்வி: கழுதை கடித்து என் ஆலின் பட்டை உரிந்துவிட்டது. பிழைக்குமா? (வாசகி, மன்னார்)

பதில்: இலையில் செய்த உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். சுற்றிவர உரிந்திருந்தால் மேற்பகுதி மெல்லக் காயும், கீழே துளிர்க்கலாம். ஒரு பக்கம் மிச்சமிருந்தால் பயமில்லை. பிய்ந்த ஓரத்தைக் கூர்க்கத்தியால் சீராக்கி, நிழலில் வையுங்கள். பிறகு சாடியை மதில்மேல் ஏற்றுங்கள். மன்னார்க் கழுதைக்கு ஏணி வைக்கத் தெரியாது, இதுவரை.