பல்லாவரம் முதல் படாளம் வரை: ஒரு சொத்தைச் சரித்திரம்

சரித்திரப் புத்தகத்தில் எந்த ராஜாவும் பல் தேய்ப்பதில்லை. விடிந்தால் படையெடுப்பு, நடுவில் குளம் வெட்டுதல், பொழுது சாய்ந்தால் சிம்மாசனத்தைப் பறிகொடுத்தல். இத்தனைக்கும் நடுவே அவருக்குக் கடைவாய் வலித்ததா, கன்னம் வீங்கியதா என்று ஒரு கல்வெட்டும் மூச்சு விடாது. செங்கல்பட்டுச் சீமையின் சரித்திரத்தையாவது ஒரு தடவை வாய் வழியாகச் சொல்லிப் பார்ப்போம்.

1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்கார நிலவியலாளர் பல்லாவரத்துச் சரளையில் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். ஆதி மனிதன் செதுக்கிய கருவி. இந்தியக் கற்கால ஆராய்ச்சி பிறந்தது அன்றைக்குத்தான். அந்தக் கல்லைச் செதுக்கியவனுக்கு பிரஷ் கிடையாது, பேஸ்ட் கிடையாது; சொத்தையும் அநேகமாகக் கிடையாது. ஒழுக்கத்தால் வந்த பெருமை இல்லை இது. சர்க்கரையும் பிஸ்கட்டும் அவன் கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். கிழங்கோடு வந்த மண் பல்லைத் தேய்த்திருக்கும். அதற்கு மேல் கெடுத்துக்கொள்ள ஆயுசும் போதவில்லை.

பிறகு சோறு வந்தது, வெல்லம் வந்தது, கூடவே அதட்டுகிற பெரியவர்களும் வந்தார்கள். ஆசாரக்கோவை என்ற பழைய நீதி நூல் காலையில் எல்லோரையும் எழுப்பி, குச்சியால் பல் விளக்கி, கண் கழுவி, அப்புறம் சாமி கும்பிடச் சொல்கிறது. கவனியுங்கள், சாமி மூன்றாவது. எழுதியவர் பெருவாயின் முள்ளியார். பல் விஷயம் பேச இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

அடுத்து பல்லவர். மகேந்திரவர்மன் ராஜ்ய பாரத்துக்கு நடுவே மத்தவிலாசப் பிரகசனம் என்று ஒரு கேலி நாடகம் எழுதினார். குடிபோதையில் ஒரு காபாலிகன் தன் கபால ஓட்டைத் தொலைத்துவிட்டு, புத்த பிட்சுதான் திருடினார் என்று காஞ்சித் தெருவில் மல்லுக்கு நிற்கிறான். தூக்கிப் போனது நாய். பிட்சு மேல் பழி போட்டது அநியாயம். அந்தக் காலத்தில் வாய்ச் சுத்தத்தில் பிட்சுக்களை மிஞ்ச ஆளில்லை. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாளந்தாவில் தங்கிப் படித்த சீன யாத்திரிகர் இ-சிங் குறித்துவைத்திருக்கிறார்: தினமும் காலையில் பல்குச்சி மென்றாக வேண்டும். நீளம் 12 விரற்கடை, எவ்வளவு குறைந்தாலும் 8. மென்று முடித்ததும் குச்சியைப் பிளந்து வளைத்து நாக்கை வழிக்க வேண்டும். இந்த நாட்டில் பல்வலி அபூர்வம் என்று சான்றிதழும் கொடுத்துவிட்டுப் போனார். அது காலாவதியாகி வெகுகாலம் ஆகிறது.

மாமல்லபுரத்துச் சிற்பிகளும் பல் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. சாளுவன்குப்பம் புலிக்குகையில் யாளித் தலைகள் வரிசையாகச் சுற்றி நின்று மிரட்டுகின்றன. அர்ச்சுனன் தபசுப் பாறையில் யானைகள். யானைக்கு ஆயுசில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் வரும். ஆறாவது தேய்ந்தால் பட்டினிதான். கொஞ்சம் வடக்கே வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேகர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை. முதலைக்குப் பல் விழ விழ முளைக்கும். எதிரே கடலில் திரிகிற சுறாவுக்கும் அப்படியே. மனுஷனுக்கு 20 பால் பல், 32 நிரந்தரப் பல், கணக்கு முடிந்தது. அலட்சியம் முதலைக்குக் கட்டுபடியாகும்.

மாமல்லன் நரசிம்மவர்மன் தன்னிடம் அடைக்கலம் வந்த மானவர்மனுக்கு அரியணை வாங்கித் தர இலங்கைக்குப் படை அனுப்பினார். அந்தத் தீவில் புத்தரின் பல் அப்போதே பூஜையில் இருந்தது. பிற்காலத்தில் பல் யாரிடமோ அவர்தான் ராஜா என்கிற அளவுக்கு அதற்கு மவுசு ஏறியது. 1560இல் யாழ்ப்பாணத்தைச் சூறையாடிய போர்த்துக்கீசியர் கையில் ஒரு பல் சிக்கியது. பர்மாவின் பெகு அரசர் பெரும் பணம் தருகிறேன் என்றார். கோவா பேராயர் சம்மதிக்காமல் அதை இடித்து, எரித்து, ஆற்றில் கரைக்க வைத்தார். அசல் பல் பத்திரமாக எங்களிடம் இருக்கிறது என்றது இலங்கை. கழன்று போன பல்லுக்கு இத்தனை காவல். வாயில் இருக்கும் பல்லுக்குக் காவல் போட எந்த ராஜாவுக்கும் தோன்றவில்லை.

1752இல் கிளைவ் கோவளம் கோட்டையையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் அடுத்தடுத்து மயக்க ஊசி போடாமல் பிடுங்கினார். 1805இல் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகம் ஆக்கிக்கொண்டது. உப்பும் உமிக்கரியும் வைத்துப் பல் தேய்த்த கோவளத்துக் குடியானவன் கடலோரத்தில் குடியிருந்துகொண்டே கடல் உப்புக்குக் கப்பம் கட்டினான். துரைகளின் பிரஷ்ஷோ பன்றி மயிரில் செய்தது. நைலான் வந்ததே 1938இல்தான். நம்மவர்கள் வேப்பங்குச்சியை விடாததில் ஆச்சரியம் இல்லை.

பல் வலித்தால்? அங்கேதான் நம் விஞ்ஞானம் கொடிகட்டிப் பறந்தது. பல்லில் பூச்சி இருக்கிறது என்றார்கள். பாபிலோனியர்களும் அதையே களிமண் பலகையில் எழுதிவைத்தார்கள் என்பதால் நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. கண்டங்கத்திரிப் பழத்தைச் சுட்டு வாயில் புகை பிடித்தால் பூச்சி கொத்தாக விழும் என்பது வைத்தியம். இன்னொரு கூட்டம் தெருத் தெருவாக வந்து, வாயில் குழலை வைத்து, நெளிகிற புழுவையே எடுத்துக் காட்டிக் காசு வாங்கிப் போனது. புழு யாருடைய மடியிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வலி விட்டால் சரி.

பிரான்சில் பியர் ஃபோஷார் 1728லேயே பூச்சிக் கதையை மறுத்துவிட்டார். 1890இல் பெர்லினில் மில்லர் என்ற அமெரிக்கர் உண்மையான குற்றவாளியைப் பிடித்தார். இனிப்பையும் மாவையும் தின்று வாய்க் கிருமிகள் அமிலம் விடுகின்றன. அது எனாமலைக் கரைக்கிறது. எச்சில் அந்தச் சேதத்தைப் பழுது பார்க்கும், ஆனால் நேரம் கொடுக்க வேண்டும். நாள் முழுக்கக் கொறித்தால் எச்சில் பாவம் என்ன செய்யும்? ஆகவே மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டையைப் பார்த்துக் கண்ணனைச் சந்தேகிக்காதீர்கள். வெண்ணெய் பல்லை அரிக்காது. ராத்திரி வாயிலேயே கிடக்கும் சர்க்கரைப் பால் புட்டிதான் அரிக்கும்.

செங்கல் பொடியால் எனாமலைச் சுரண்டிய தலைமுறைக்குப் பின் நஞ்சன்கூடு பல்பொடியும் கோபால் பல்பொடியும் வந்தன. பிள்ளைகள் தேய்த்தது பாதி, தின்றது பாதி.

இப்போது ஜி.எஸ்.டி. சாலைக்கு வாருங்கள். படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை. அதற்குத் தெற்கே மேல்மருவத்தூரில் ஆதிபராசக்தி பல் மருத்துவக் கல்லூரி. வடக்கே செங்கல்பட்டில் ஆசான் நினைவுப் பல் மருத்துவக் கல்லூரி. காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். சாலையை விட்டு விலகினால் கேளம்பாக்கத்தில் செட்டிநாடு, ரத்தினமங்கலத்தில் தாகூர். சர்க்கரை ஆலை ஒன்று, காவலுக்குக் கல்லூரிகள் இத்தனை. கற்றுக்கொள்ள வாய் வேண்டுமே என்று அவர்கள் முகாம் போட்டு, வண்டி அனுப்பி அழைக்கிறார்கள். நாமோ ஆயிரம் வருஷத்துப் பழக்கத்தை விடாமல், கன்னம் வீங்கின பிறகுதான் படியேறுகிறோம். அதற்கு முன் கூப்பிட்டால் பதில் தயார்: “க்ளீன் பண்ணினா பல் ஆடிடும்”, “மேல் பல்லைப் பிடுங்கினா கண் போயிடும்”. கண்ணுக்கும் பல்லுக்கும் நரம்புத் தொடர்பு அப்படி எதுவும் இல்லை. க்ளீன் செய்ததால் பல் ஆடுவதும் இல்லை; ஈறு கெட்டு ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காறை பிடித்து வைத்திருந்தது, காறையை எடுத்ததும் குட்டு வெளிப்படுகிறது. ஈறில் ரத்தம் வந்த முதல் மாசமே போயிருந்தால் இந்தச் சங்கடம் வந்திருக்காது. சர்க்கரை வியாதிக்காரர்கள் இன்னும் சீக்கிரம் போக வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமான வசனம் “பால் பல்தானே, விழுந்து முளைக்கும்” என்பது. விழுந்த பல்லைச் சாணி உருண்டையில் வைத்துக் கூரை மேல் எறிகிற மரியாதையில் பாதியை, அது வாயில் இருக்கும்போது காட்டியிருக்கலாம். பால் பல் சீழ் பிடித்தால் அடியில் காத்திருக்கும் பல்லும் கெடும்; முன்கூட்டியே பிடுங்கினால் இடம் சுருங்கி, புதுப் பல் கோணலாக வரும். இன்னொன்று: ஆறு வயதில் பால் பல் வரிசைக்குப் பின்னால், ஒரு பல்லும் விழாமலே, மேலே இரண்டும் கீழே இரண்டுமாகக் கடைவாய்ப் பல் முளைக்கும். அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சாகும்வரை மெல்ல வேண்டிய பல் அது.

இன்று ராத்திரி பிள்ளையை வாயைத் திறக்கச் சொல்லி, செல்போன் வெளிச்சத்தில் அந்த நான்கையும் பாருங்கள். பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட், காலையும் படுக்கப் போகும் முன்னும், நீங்கள் பக்கத்தில் நின்று தேய்க்க வையுங்கள். பல் டாக்டரிடம் கூட்டிப்போய், அந்தக் கடைவாய்ப் பற்களின் குழிகளைப் பூசி அடைக்க முடியுமா என்று கேளுங்கள். போனது போகட்டும், உங்கள் வாயையும் அங்கேயே காட்டிவிட்டு வாருங்கள்.